ஆழக்காரர்

மேலே கிடக்கும் எதையும் நம்பாத ஓர் இனம் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஆழக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தலைவலி என்று அவர்களிடம் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். "தலையில வலிக்குதுன்னா காரணம் தலையில இல்ல" என்று தொடங்கி, வயிற்றுக்கு இறங்கி, நீங்கள் பிறந்த மாதத்தைக் கேட்டு, உங்கள் பெற்றோரின் கல்யாணம் வரை போய்த்தான் மூச்சு விடுவார்கள். மாத்திரை தரமாட்டார்கள்.

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆழக்காரர் வீரசிங்கம், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை.

கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. இந்தத் தடவையும் அது காய்ந்து கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு பை போஞ்சி (பீன்ஸ்) விதை. நிலமோ வெறும் கட்டாந்தரை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, இங்கே பாத்தி போடுகிற எல்லாரையும் போல, மேலே காட்டு மண் அள்ளப் புறப்பட்டாள். நான் சாக்குப் பிடிக்கப் போனேன். வீரசிங்கமும் வந்தார். அவரை யார் கூப்பிட்டது? இந்த இனத்தை யாரும் கூப்பிடுவதில்லை.

மரத்தடியில் அவள் சருகை விலக்கினாள். நாலு விரல் ஆழத்துக்குள் தலைமுடி போல வேர்கள். மலையில் அடிக்கிற மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது; மிஞ்சுவது உதிர்ந்த இலைதான்; அதுவும் மக்கிக் கரைந்து ஓடுவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று வேர்கள் கீழிருந்து மேலே ஏறிவந்து, இலைக்கு இலை நுழைந்து, எட்டாத இடத்துக்குப் பூஞ்சண இழைகளைத் துணைக்குச் சேர்த்து, செத்த வண்டைக்கூட விடாமல் உறிஞ்சுகின்றன. அவ்வளவு உயர மரத்தின் பிழைப்பும் அந்த நாலு விரலில்தான் நடக்கிறது.

"இந்தக் குப்பையத் தள்ளு தங்கச்சி. கீழ தோண்டு. சத்தெல்லாம் ஆழத்துலதான் கெடக்கு," என்றார் வீரசிங்கம்.

"வேரெல்லாம் மேலதானுங்கய்யா மொய்க்குது?"

"அதெல்லாம் வழி தெரியாத வேரு."

பெரியவர் பேச்சைத் தட்ட முடியுமா? மூன்று சாக்கு நிறையச் சுத்தமான சிவப்பு மண் அள்ளினோம். அவர் களைத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்த நேரம் பார்த்து, நாலாவது சாக்கில் அந்தக் குப்பையை அள்ளித் திணித்தாள் விஜயலெட்சுமி.

சாக்குக்கு ஒரு பாத்தி. சிவப்பு மண் போட்ட மூன்றிலும் போஞ்சி மஞ்சளடித்துச் சுருண்டது. முக்கால் பை விதை வீணாய்ப் போனது. குப்பை போட்ட நாலாவது பாத்தி மட்டும் குச்சி ஏறிக் காய்த்தது. துரை வந்து அதைப் பார்த்தார்; நிலம் அவளுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். விஜயலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீரசிங்கம் சும்மா இருப்பாரா?

"பாத்தியா, இந்தப் பாத்தியில வேரு ஆழமாப் போயிருக்கு!"

அவள் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் முழுக்க மேலாகவே பரந்து, மக்கிய இலையைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"அவசரப்பட்டுட்ட. முக்கியமான வேரு உள்ளயே அறுந்து நின்னுருச்சு. மம்பட்டியக் குடு, காட்டுறேன்."

அவள் கொடுக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சரி. ஆனால், ஒருத்தி தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டதை விட்டுவிட்டு, "வேர் என்று இவர் உண்மையில் எதைச் சொல்கிறார்?" என்று இதற்குள் தோண்டத் தொடங்கியிருந்தால், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மிச்சமிருப்பது ஒரு பாத்திதான், அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.