குற்ற எண் இல்லாத சாந்தப்பன்

ஒரு காட்டில் ஒரு கோர்ட் இருந்தது. சிங்கம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். அது ஒரு பழைய வழக்கில் ஜாமீனில் இருக்கிறது, வாய் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை அதைப் பற்றியது அல்ல.

கோர்ட்டுக்குப் பின்னால், மருத மரத்தடியில், நன்னடத்தை அலுவலகம் இருந்தது. சில்லறைத் திருட்டில் மாட்டிக்கொண்டவர்களை நீதிபதி யானை சிறையில் தள்ளுவதில்லை. "போ, ஒழுங்காக இரு. ஒழுங்காகத்தான் இருக்கிறாயா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இங்கே அனுப்பிவிடுவார். அந்த 'அவர்கள்' மொத்தம் இரண்டு பேர். அலுவலர் மரகதவல்லி, மிளா மான். கையெழுத்துப் போடுவது அவர் வேலை. உதவியாளர் சாந்தப்பன், முள்ளம்பன்றி. மற்றதெல்லாம் அவர் வேலை.

திங்கள்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டியவர்களை வரிசையில் நிறுத்துவது, வராதவர்களைத் தேடிப்போவது, வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என்று அந்த மனிதர் (மனிதர் என்றால் தப்பு, ஆனால் அவரைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும்) ஓடிக்கொண்டே இருப்பார். அலுவலகத்தில் பேனா சப்ளை கிடையாது. அதனால் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதுவார். பதினோரு வருஷத்தில் இடது பக்கம் பாதி வழுக்கை விழுந்துவிட்டது. இத்தனைக்கும் வேலை தற்காலிகம்.

ஒருநாள் மரநாய் குப்பாண்டி பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். பனைமரம் பனைமரமாக ஏறி அடுத்தவர் கலயத்தில் கள் குடித்ததற்காக ஒரு வருஷம் கண்காணிப்பில் இருந்தவன். காலம் முடிந்துவிட்டது. போன வாரம்தான் சாந்தப்பன் அவனுக்கு நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"சார், இந்தக் காயிதத்தால எனக்கு வேலையே கெடச்சிருச்சு சார்."

"அடடே! எங்க குப்பாண்டி?"

"பனந்தோப்புல காவக்காரன். ஒம்பது பேரு வந்தாங்க. நல்லவன்னு சர்டிபிகேட் வச்சிருந்தது நான் ஒருத்தன்தான்."

சாந்தப்பன் மனசார வாழ்த்தினார். அவருக்குப் பொறாமைப்படத் தெரியாது. அடுத்த வாரம் அந்தச் சுற்றறிக்கை வரும்வரை.

தற்காலிக ஊழியர்கள் எல்லோரையும் நிரந்தரம் செய்யப்போகிறார்களாம். மூன்று மாதத்துக்குள் நன்னடத்தைச் சான்று இணைக்க வேண்டுமாம். இணைக்காதவர்கள் வீட்டுக்குப் போகலாமாம். சாந்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. காட்டில் அந்தச் சான்று எழுதும் ஒரே கை தன் கைதானே! உற்சாகமாக ஒரு முள்ளைப் பிடுங்கி, ஏழாம் எண் படிவத்தை எடுத்து, பெயர் எழுதினார், வயது எழுதினார். மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டார்.

'குற்ற எண்.'

மரகதவல்லியிடம் ஓடினார். அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"குற்ற எண் இல்லாம எப்படிங்க சாந்தப்பன்? போன வருஷம் கொக்கு வந்து கேட்டப்ப, அந்தக் கட்டம் காலியா இருக்குன்னு திருப்பி அனுப்பினது நீங்கதானே?"

ஆமாம், அவர்தான். விதி விதிதான் என்று கொக்குக்கு அரைமணி நேரம் விளக்கம் வேறு சொல்லியிருந்தார். இப்போது வளையில் மனைவியும் மூன்று குட்டிகளும் கண்முன் வந்து நின்றார்கள். பதினோரு வருஷமாக ஊர்த் திருடர்களையெல்லாம் நல்லவர்கள் என்று எழுதிக் கொடுத்தவருக்கு, தன்னை நல்லவன் என்று எழுத வழியில்லை.

பனந்தோப்புப் பக்கம் போனபோது குப்பாண்டியிடம் சொல்லிப் புலம்பினார்.

"கோச்சுக்காதீங்க சார், தப்பு உங்க மேலதான். இத்தன வருசமா ஒண்ணுமே பண்ணாம இருந்திருக்கீங்க" என்றான் குப்பாண்டி. "சின்னதா ஏதாச்சும் எடுங்க. மாட்டிக்கங்க. ஒரு மாசம் போடுவாங்க. முடிஞ்சதும் காயிதம் கைக்கு வந்துரும்."

இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் சாந்தப்பன் திருடக் கிளம்பினார். அலுவலக நேரம் என்பதால் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். முயல் பூவாத்தாவின் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் இறங்கி, நட்ட நடுப்பகலில் ஒரு கிழங்கைப் பிடுங்கினார். பூவாத்தா வரப்பிலேயே நின்றிருந்தாள்.

"அய்யய்யோ சார், அது சூத்தக் கெழங்கு! இந்தாங்க, இத எடுத்துக்கங்க." இலையில் ஆறு கிழங்கைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள்.

"இல்லம்மா, நான் திருட வந்தேன்."

"உங்களுக்கு எப்பவும் தமாசுதான் சார்."

மறுநாள் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பாத்தி முழுவதையும் தோண்டிப்போட்டார். தடயம் வேண்டுமே என்று ஒரு முள்ளைப் பிடுங்கி நடுவில் நட்டுவிட்டு வந்தார். சாயங்காலமே பூவாத்தா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். சாந்தப்பன் எழுந்தே நின்றுவிட்டார். குற்ற எண் வந்துவிட்டது!

"சார், பேனாவ மறந்துட்டு வந்துட்டீங்க. நாளைக்குக் கெழங்கு பறிக்க ஆள் தேடிட்டிருந்தேன். புண்ணியவான், ஒத்த ஆளா பறிச்சுப் போட்டிருக்கீங்களே!"

நல்ல பேர் என்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நாளோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் ஒன்றரை மாதம் போயே போய்விட்டது.

"ஆளுங்ககிட்ட எடுத்தா மன்னிச்சிருவாங்க சார்" என்றான் குப்பாண்டி. "ஆபீஸ்ல எடுங்க. ஆபீஸ் யாரையும் மன்னிக்காது."

பேச்சு ஞாயமாகப் பட்டது. மறுநாள் காலை, பத்து மணிக்கு வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு, மரகதவல்லியின் மேஜைமேல் இருந்த ரவுண்டு சீலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த சீல் குத்தாத காகிதம் அந்தக் காட்டில் வெறும் இலைக்குச் சமம். மரகதவல்லி திகைத்துப் போனார். சாந்தப்பன்மேல் அவருக்கு அபார மரியாதை. ஆனால் சீல் போனால் அவர் தலையல்லவா போகும்? பத்தரைக்குப் புகார் பதிவாகிவிட்டது. குற்ற எண் நூற்றுப் பதின்மூன்று. அந்த எண்ணைக் கேட்டதும் சாந்தப்பனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து வழக்கு வந்தது. கோர்ட்டில் நீதிபதி யானை கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"நீரா? எதற்கய்யா திருடினீர்?"

"நன்னடத்தைச் சான்று வாங்கறதுக்குங்க ஐயா."

பசிக்குத் திருடியவன், பழிக்குத் திருடியவன், சும்மா திருடியவன் எல்லோரையும் அவர் பார்த்திருக்கிறார். இது புதுசு. காதை இரண்டு தரம் ஆட்டினார். ஒரு மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று உத்தரவு போட்டார். கண்காணிக்க வேண்டியதும் அதே உதவியாளர்தானே என்று மரகதவல்லி தயங்கிக் கேட்டபோது, விதியில் தடை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு மாதம் சாந்தப்பன் பட்டபாடு இருக்கிறதே! திங்கள்கிழமை வரிசையில் கடைசி ஆளாக நின்று கையெழுத்துப் போடுவார். பிறகு எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய், கண்ணைச் சுருக்கி, கையெழுத்து சரிதானா என்று பார்ப்பார். புதன்கிழமை வீட்டுப் பார்வை. தன் வளை வாசலிலேயே போய்த் தட்டி, "சாந்தப்பன் இருக்காரா?" என்று கேட்பார். மனைவி எட்டிப் பார்த்து, "வெளிய போயிருக்காரு" என்பாள். மனுஷன் பொய் எழுத மாட்டாரே. 'நேரில் சென்றபோது வீட்டில் இல்லை' என்று நாலு வாரமும் எழுதினார். தன்னைப் பற்றித் தனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

ஒருவழியாக மாதம் முடிந்தது. சுற்றறிக்கையின் கெடு அன்று மாலையோடு முடிகிறது. மரகதவல்லி ஏழாம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்தார். 'இக்காலத்தில் இவர் எந்தத் திருட்டிலும் ஈடுபடவில்லை' என்று அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் மேஜையைத் தடவினார்.

சீல் இல்லை. எப்படி இருக்கும்? இடையில் வேறு யாருக்கும் சான்று போகாததால் இருவருக்கும் அது ஞாபகமே வரவில்லை. அது வழக்குச் சொத்து. திருட்டுப் பொருள் என்று கோர்ட் அறைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் ஆகும்.

மணி நாலேகால். சாந்தப்பனுக்கு அழுகை வந்தது. பிறகு அழுகை போய் வேறு ஏதோ வந்தது.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

"எதுக்குன்னு..." என்று ஆரம்பித்த மரகதவல்லி, நிறுத்திக்கொண்டார். "போயிட்டு வாங்க. எனக்கும் மழை வருதான்னு பாக்கணும்." நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கோர்ட் அறைக்குக் கீழே மண் பறிப்பது முள்ளம்பன்றிக்கு ஒரு வேலையா? உள்ளே போனார், எடுத்தார், வந்தார். தடயம் எதுவும் விடவில்லை. 'எந்தத் திருட்டிலும் ஈடுபடவில்லை' என்ற வரிக்கு நேர் கீழே சீல் பளிச்சென்று விழுந்தது. நாலரைக்கு சீல் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. நாலே முக்காலுக்குச் சான்று மேலிடத்துக்குப் போய்விட்டது. இப்படியொரு குளிர்ச்சியான சந்தோஷத்தை சாந்தப்பன் தன் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

வேலை நிரந்தரமானது. நிரந்தர ஊழியராக முதல் திங்கள்கிழமை அலுவலகத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வரிசை மருத மரத்தடியில் தொடங்கி ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. கொக்கு நின்றது, ஒரு கெண்டை மீனைக் கூச்சத்தோடு பிடித்துக்கொண்டு. முதல் ஆளாக நின்றவள் பூவாத்தா. கையில் ஒரு முருங்கைக்காய்.

"பக்கத்து வீட்டுதுங்க சார். அவளுக்குத் தெரியாம பறிச்சேன். பள்ளிக்கூடத்துல சமையல் வேலை போட்டிருக்காங்க, சர்டிபிகேட் கேக்கறாங்க."

"பக்கத்து வீட்டம்மா புகார் குடுக்கணுமேம்மா."

"அவளும் வந்திருக்கா சார், பின்னாடி நிக்கிறா. எங்கிட்டத் திருடுன கெழங்கோட."

நிரந்தர ஊழியருக்கும் பேனா சப்ளை கிடையாது. சாந்தப்பன் வலது பக்கம் கையைவிட்டு ஒரு புது முள்ளைப் பிடுங்கினார்.

"குற்ற எண் நூற்றுப் பதினாலு. ரொம்ப சந்தோஷம்மா. அடுத்தவங்க வாங்க."

நீதி: நல்லவர் என்று பெயர் எடுத்தால் மட்டும் போதாது, காலாகாலத்தில் ஒரு குற்ற எண்ணும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.