ஆவி பேசிய கப்பல் ரேடியோ

மரக்காணத்தில் செத்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் யோசிப்பதை நிறுத்திய பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

உப்பளத்துக்குப் போகிற வழியில் தார்ப்பாய் போட்ட பெரிய கொட்டகை. உள்ளே அலைவரிசை அடிகளார். போன வருஷம்வரை கிளியனூரில் பழைய இரும்பு வாங்கிக்கொண்டிருந்த தட்சணாமூர்த்திதான். உடைத்த கப்பலின் ரேடியோ ஒன்று எடைக்கு வந்தது, கூடவே காவியும் வந்துவிட்டது. ரேடியோவுக்குப் பட்டு, மாலை, எலுமிச்சம்பழம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது 'கிரீ... கிர்ர்ர்' என்று கத்தும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எந்த ஆவி, என்ன கேட்கிறது என்று அடிகளார் கண்ணை மூடிச் சொல்லுவார். ஆவிகள் கேட்டதெல்லாம் அவருக்குத் தேவையானதாகவே இருந்தது. ஒரு ஆவி இன்வெர்ட்டர்கூடக் கேட்டது. நம் ஊர் பஸ்கூட இப்படி நேரம் தவறாமல் வந்ததில்லை, ஆவிகள் வந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலம்மாளின் புருஷன் தங்கராசு போன வருஷம் செத்துப்போனான். அவள் கோடை முழுக்க ஒண்டியாக வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மழை பிடித்தால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும். வானம் கறுத்த ஒரு காலையில் அவள் கொட்டகைக்கு வந்து நின்றாள். ரேடியோ கத்தியது.

"உம் புருஷன்தாம்மா. மழையத் தடுத்து நிறுத்திட்டிருக்கான். நீ அம்பாரத்த மூடினா, என்னை நம்பலையான்னு கோச்சுக்குவான். மூடாதே. காதுல இருக்கிறதத் தட்டுல போட்டுட்டுப் போ."

கம்மலைக் கழற்றிப் போட்டுவிட்டு, செத்தும் எனக்காக உழைக்கிறாரே என்று அழுதாள். கறுத்த வானத்தின் கீழ் உப்பை மூடாத உப்பளக்காரியை அன்றுதான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆஸிஃபாவும் கூட்டத்தில் இருந்தாள். அந்தக் கத்தலைப் போனில் பதிந்துகொண்டு போனவள், அடுத்த கத்தலுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தாள்.

"சாமி, இந்தச் சத்தம் எங்க அத்தாவான்னு பாத்துச் சொல்லுங்க." பதிந்ததை ஓடவிட்டாள்.

"அவரேதான்! பாவம், தாகத்துல தவிக்கிறாரு."

"தாகமா? இப்பத்தானேப்பா டீ குடிச்சேன்," என்றார் பின்னால் நின்ற பஷீர் அஹமது. ஆஸிஃபாவைப் பெற்ற அத்தா.

கூட்டம் அவரைத் தொட்டுப் பார்த்தது. சூடாகத்தான் இருந்தார்.

"காலையில தங்கராசு அண்ணன்னு சொன்னீங்களே, அதே சத்தம்தாங்க இது," என்றாள் ஆஸிஃபா.

"லைன் மாறியிருக்கும்," என்றார் அடிகளார்.

"ஆவியும் இல்ல, லைனும் இல்ல. கப்பலுக்குப் போற வானிலைச் சேதி. கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் ஒண்ணும் சைபருமாத்தான் இருக்கும். அத அப்படியே தூக்கிக் காத்துல வீச முடியாது. ஒண்ணுக்கு ஒரு சுருதி, சைபருக்கு வேற சுருதின்னு ரேடியோ அலைமேல ஏத்தி அனுப்புவாங்க. வேகமா மாறி மாறி வர்றதால நமக்குக் கத்துற மாதிரி கேக்குது. கப்பல் மிஷின் அதப் பிரிச்சுத் திரும்ப எழுத்தாக்கும். என் போன்ல இருக்கிற இந்த ஆப்பும் அதத்தான் செய்யுது."

ரேடியோ கத்தியது. போனைப் பக்கத்தில் பிடித்தாள். திரையில் எழுத்துகள் வரிசையாக ஊர்ந்தன. நம்பாத நாலு பேர் தங்கள் போனிலும் அந்த ஆப்பை இறக்கிப் பிடித்தார்கள். அதே எழுத்துகள். ஆஸிஃபா படித்துச் சொன்னாள்: "இன்னிக்குச் சாயந்திரம் நம்ம கரையில பலத்த காத்து, கனமழை."

"காலையிலயும் இதேதான் சொல்லிச்சா?" வேலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இதேதான்க்கா."

வேலம்மாள் தட்டிலிருந்து கம்மலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அண்ணாந்து கொட்டகையின் தார்ப்பாயைப் பார்த்தாள்.

"அவிழுங்கப்பா இத!"

அன்று சாயந்திரம் மழை கொட்டித் தீர்த்தது. அம்பாரம் தார்ப்பாய்க்குள் காய்ந்து கிடந்தது. அடிகளார் தொப்பலாக நனைந்து கிளியனூர் பக்கம் ஓடினார்.

மறுநாள் ஆஸிஃபாவின் கடை வாசலில் ரெண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்கள். ஆப்புக்குப் பூசை போடணுமாம்! துரத்திவிட்டாள்.

அந்த ரேடியோ ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. மழை வருது, மழை வருது என்று தொண்டை கிழியக் கத்தியது. நாம்தான் அது புரியாதவனிடம் போய் அர்த்தம் கேட்டோம். எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகாய் போடுங்கள். உப்புக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே, புத்தியைக் கொஞ்சம் தேடுங்கள்.