அக்கரையில் அக்கறை

இந்தப் பயணத்திலாவது நான் வைத்ததுதான் சட்டம் என்று ரயில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பிய முதல் பயணம். பேருந்து நிலையத்து விசாரணைக் கவுன்ட்டரில் நாள் முழுக்க ஊருக்கே வழி சொல்கிறவன் நான். வீட்டில் என்னிடம் வழி கேட்க ஆளில்லை. வழியில் நிற்காதீங்க என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது.

துறைமுகம், கப்பல்கள், கலங்கரை விளக்கம் என்று முதல் நாளுக்கான திட்டத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால், விடுதி அறை வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள்.

"சீக்கிரம் வாங்க. எட்டு மணிக்குப் படகு."

"எந்தப் படகு?"

"தீவுக்குப் போறது. மேனேஜர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். ரெண்டு தீவு, நடுவுல பவளப்பாறை. படகுக்கு அடியில கண்ணாடி வெச்சிருக்காங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பீங்க. அதான் கேக்கல."

கோபத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டேன். அதையும் அவள்தான் சரிசெய்துவிட்டாள். கோபம் இன்னும் ஏறியது.

படகில் எங்களோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும் வந்தார். படகுக்காரர் லைஃப் ஜாக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"இவருக்கு ரெண்டு குடுங்க," என்றாள் மனைவி. "வாளித் தண்ணிக்கே பயப்படுவாரு."

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட இப்படிச் சிரிக்க விட்டிருக்க மாட்டார்.

"கீழ பாருங்க, மீனு," என்றாள் மனைவி.

"நான் மேகம் பாக்குறேன்," என்றேன்.

முதல் தீவில் அரை மணி நேரம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒளிந்துகொள்ள வேண்டும். இவள் பதற வேண்டும், தேட வேண்டும், கடைசியில் 'மன்னிச்சிடுங்க' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் அவள் குரலில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அக்கரைக்கு வந்த பிறகாவது அக்கறை வரட்டும். படகிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"சார், சார்," என்று படகுக்காரர் கூப்பிட்டார். நான் அசையவில்லை. மனைவி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அதில் பதற்றமே இல்லை. அடுப்பில் பால் பொங்கினால்கூட இன்னும் கொஞ்சம் பதறுவாள்.

பிறகு இன்ஜின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். படகு கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் இடத்தில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது.

கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். கத்தினேன். நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்பதுபோல் பக்கவாட்டில் ஒதுங்கியது.

படகு நின்றிருந்த இடத்தில் ஒரு கல்லின்மேல் குடை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பொட்டலம். குடை காற்றில் பறக்காமல் இருக்க மேலே கூழாங்கல் வேறு.

மறந்து போனவள் இப்படி வைத்துவிட்டுப் போவாளா? தெரிந்தேதான் போயிருக்கிறாள். அந்தக் கோபத்தில் பிஸ்கட் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். குடையை விரித்துக்கொண்டு, அவளைக் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தினேன். இரண்டு மணி நேரத்தில் பதினேழு கேள்விகள் சேர்ந்தன. இன்று இவளை விடப்போவதில்லை.

படகு திரும்பி வந்தது. மனைவியின் முகம் வெயிலில் சிவந்து, பார்க்க அழகாக வேறு இருந்தது. அதனால் முதல் கேள்வி மறந்துபோய்விட்டது. இரண்டாவதைக் கேட்டேன்.

"கட்டின புருஷன இப்படித் தனியா விட்டுட்டுப் போவாங்களா?"

"பாறைக்குப் பின்னால நீங்க பத்திரமாத்தானே இருந்தீங்க. உங்க சட்டை தெரிஞ்சுதே."

"எங்க பள்ளிக்கூடத்துலயும் கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சுக்குவாங்க," என்றார் தலைமையாசிரியை. "தேடவே கூடாது. தானா வந்துடுவாங்க."

"என் கோபம் இன்னும் தீரல," என்றேன் அழுத்தமாக.

மனைவி படகுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அவரு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்காராம். வாங்க, அந்தப் பவளப்பாறைய இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."