மருமகனுக்கு வந்த கடிதமும் என் கட்டைவிரலும்

அன்புத் தங்கை லொரெட்டாவுக்கு உன் அண்ணன் வெர்னன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி பெர்னிஸும் பையன் டாய்லும் சுகம். நாய்க்கு மட்டும் காதில் சீழ். அங்கு நீயும் மாப்பிள்ளை ஹார்லனும் மருமகன் எமெட்டும் சுகமா என்று கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் அடிக்கிறேன். நீ எடுப்பதில்லை. நான்கு தெரு தள்ளி இருப்பவளுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

போன கோடையிலிருந்து உன் வீட்டு ஃப்ரிட்ஜின் நிறமே எனக்கு மறந்துவிட்டது. ஜார்ஜியாவில் பேஸ்பால் ஆடுகிற கல்லூரி எத்தனை உண்டோ அத்தனை பேரும் எங்கள் அணிக்கு வா என்று எமெட்டுக்குக் கடிதம் போட, நீ அத்தனையையும் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறாய். பால் எடுக்கக் கதவைத் திறந்தால் நாலு கல்லூரி தரையில் விழுகிறது. ஹார்லன் இருக்கிறானே, பிரேக் பேட் வாங்க வருவதுபோல் என் உதிரிபாகக் கடைக்கு வந்து, கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "என்ன மச்சான், டாய்லுக்கு ஏதாவது தபால் வந்துச்சா?" என்பான். "வந்துச்சே" என்பேன். பல் டாக்டரிடமிருந்து வந்தது என்று சொல்லமாட்டேன். வயிறு எரிந்தது லொரெட்டா, மறைப்பானேன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அணி. எமெட் வீசுகிறான், டாய்ல் பிடிக்கிறான். பிடிக்கிறவன் இல்லாமல் வீசுகிறவன் என்ன செய்வான், வேலி தாண்டி ஓடிப் பந்தை அவனே பொறுக்கிக்கொள்வானா? உன் மகன் பந்தின் வேகத்தை ஊரே மெஷின் வைத்து அளக்கிறது. என் மகனின் உள்ளங்கை வீக்கத்தை அளக்க ஒருவருமில்லை.

ஆகவேதான், இந்தக் கடிதங்களில் எது நிஜமான ஆசை, எது சும்மா என்று கண்டுபிடிப்பது எப்படியென்று விசாரித்தேன். உங்கள் நன்மைக்காகத்தான். எங்கள் கடைக்கு வருகிற பழைய கோச் மெர்ல் சொன்னார்: "இதப் பாரு வெர்னன், 'அன்புள்ள விளையாட்டு வீரரே'ன்னு ஆரம்பிச்சா ஆயிரம் பேருக்குப் போட்டதுல ஒண்ணு. பணம் கட்டி பயிற்சி கேம்ப்புக்கு வான்னா அவனுக்கு உன் பர்ஸ் மேலதான் ஆசை. பையன் அன்னைக்கு என்ன ஆடினான்னு பேனாவால எழுதி, வீட்டு நம்பரையும் குடுத்திருந்தா, அதுதாம்பா ஆசை."

"கையெழுத்தையே இப்பல்லாம் அச்சடிக்கிறானுங்களே?"

"கட்டைவிரல நக்கித் தேய்ச்சுப் பாரு. அச்சுன்னா அசையாது."

அன்றிலிருந்து என் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தோம், நீங்களெல்லாம் பின்புறத்தில் ஹார்லன் சுடுகிற விலா எலும்புக் கறியைச் சுற்றி நின்றீர்கள், நான் டீக்கு ஐஸ் எடுக்க உள்ளே போனேன், போன இடத்தில் ஃப்ரிட்ஜ் தனியாக இருந்தது. முதல் கடிதத்தைத் தேய்த்தேன், அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. ஒவ்வொன்றும் அசையாமல் நிற்க நிற்க எனக்கு உடம்பில் புது ரத்தம் ஊறியது, பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். நடுவில் பீச் பழக் காந்தத்துக்கு அடியில் ஒன்று, நீல மையில், சாய்ந்த எழுத்தில்: 'எமெட், மழையில் மூன்று ரன் விட்டுக்கொடுத்த பிறகும் நீ யாரையும் முறைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நாங்கள் உன்னைப் போனில் கூப்பிட விதிமுறை இடம் தராது, நீதான் கூப்பிட வேண்டும். வியாழக்கிழமைக்குள் என் வீட்டுக்குக் கூப்பிடு.' கீழே எண். நீலத்தில்கூட அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்களே, என்ன கில்லாடிகள் என்று எண்ணித் தேய்த்தேன். அசைந்தது. சரிசெய்யலாமென்று இன்னொரு முறை தேய்த்தேன். எண் இருந்த இடத்தில் கன்றிப்போன காயம் மாதிரி ஒரு நீலத் திட்டுதான் மிச்சம்.

அப்போதுதான் ஹார்லன் இடுக்கியோடு வந்தான். "என்ன மச்சான் பண்ற?"

"ஐஸ் எடுக்கறேன்."

"ஐஸு உள்ள இருக்கு. நீ கதவுக்கு வெளிய நக்கிக்கிட்டு நிக்கிற."

நீ வந்தாய், என் விரலைப் பார்த்தாய், "உனக்குப் பொறாமைண்ணா, வேற ஒண்ணுமில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். எமெட் கடிதத்தைப் பார்த்தான். உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, "துடைச்சுக்குங்க மாமா, சட்டையில ஒட்டிடப்போவுது" என்றான். அதற்கப்புறம் எனக்கு விலா எலும்பு இறங்கவில்லை.

இருந்தாலும் யோசித்துப் பார். நீ அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தாய் என்று டாய்ல் சொன்னான், கோச் ஆட்டம் பார்க்க ஊர் ஊராகப் போயிருக்கிறார், வீட்டு எண்ணைத் தரமாட்டோம் என்றார்களாம். நிஜமாக ஆசைப்படுகிறவன் ஊர் சுற்றுவானா? கையால் எழுதியது என்பதற்காக அவரே எழுதினார் என்று என்ன நிச்சயம், சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதச் சொல்லியிருப்பார். தாய்மாமன் என்ற முறையில் சொல்கிறேன், இதுவும் மற்றதைப் போலத்தான். ஒரு வீண் நம்பிக்கையை நான் எச்சில் தொட்டு அழித்துக் கொடுத்திருக்கிறேன். மறந்துவிடுங்கள்.

பெர்னிஸ் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஹார்லனுக்கு என் அன்பு, இடுக்கியைக் கீழே வைத்திருந்தால். கர்த்தர் உன் வீட்டையும் ஃப்ரிட்ஜையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வெர்னன் பிக்கெட்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டியாகிவிட்டது, ஆனால் தபாலில் போட்டால் வியாழன் தாண்டிவிடும் என்பதால் நானே வந்து உன் கதவிடுக்கில் சொருகுகிறேன். கடையிலுள்ள உதிரிபாக எண் முழுவதையும் தலையில் வைத்திருப்பவன் நான். ஒரு போன் எண்ணைப் பார்த்துவிட்டு மறக்க எனக்குத் தெரியாது. மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, நேற்று மாலை அந்த எண்ணைக் கூப்பிட்டேன். டாய்லைப் பற்றிப் பேசத்தான், பொய் சொல்வானேன். எமெட்டின் மாமா என்று சொன்னதுதான் தாமதம், "அவன் ஏன் இன்னும் கூப்பிடல? எப்படிங்க பையன்?" என்று, அன்றுதான் ஊர் திரும்பியிருந்த கோச்சே கேட்டார். கோணலாக இரண்டு வார்த்தை சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், ஈரத்துணியைப் பற்றித்தான் வந்தது. துணி எதற்கு என்று கேட்டார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. வெகுநேரம் சிரித்துவிட்டு, "அந்தப் பையன் என் கையை விட்டுப் போயிடக் கூடாதுங்க" என்றார். எண்ணை உறையின் பின்புறம் பென்சிலால் எழுதியிருக்கிறேன், இன்றே கூப்பிடச் சொல். டாய்லைப் பற்றிக் கேட்டதற்கு, ஜூன் மாதம் கேம்ப் இருக்கிறது, பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். கட்டிவிட்டேன். அழைப்பு வந்ததும் எங்கள் ஃப்ரிட்ஜில் மாட்டப்போகிறேன். ஹார்லன் வந்தால் அதைத் தேய்த்துப் பார்க்கக் கூடாது.