முப்பத்து நான்காவது தக்காளி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆபரேஷன் என்று சொல்லியும் நான் எட்டிப் பார்க்கவில்லை என்றுதானே எட்டு மாதமாக நீ பேசவில்லை? நீ எங்கே சொன்னாய் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல்லைக்கூடத் தேய்க்காமல், போனில் புதிதாக வந்திருக்கும் ஒரு வசதியைத் திறந்தேன். யார் போட்ட படமும் பதிவும் முதலில் வர வேண்டும், எது குறைய வேண்டும் என்று இனி நாமே வரிசை வைத்துக்கொள்ளலாமாம். பல் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக டோக்கன் கொடுப்பவள் நான். எந்த வரிசையிலும் யாருடைய ஓரவஞ்சனையாவது இருக்கும். இதில் யாருடையது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ‘இது ஏன் எனக்கு வருகிறது?’ என்று தட்டினால் பதில் சொல்கிறது அக்கா! கம்பளம் கழுவுகிற வீடியோவைப் போன வாரம் பதினொரு நிமிஷம் பார்த்தேனாம். பார்த்தேன்தான். அந்த அழுக்குத் தண்ணி ஓடுறதைப் பாத்தா மனசுக்கு என்னமோ நிம்மதியா இருக்கு, என்ன பண்ண?

அதற்குள் இவர், “என்ன, போனுக்குள்ளயே குடித்தனம் வெச்சுட்டியா? பால் பொங்கி ஓடுது!” என்றார்.

“பக்கத்துலதானே நிக்கிறீங்க, அணைச்சா கை தேஞ்சுடுமா?”

“நீ சொல்லலையே!”

இவருக்கும் இப்படி ஒரு வசதி வந்தால் தேவலை.

நேர வரிசைக்கு மாற்றினேன். மாற்றினால், நீ! காலை வணக்கம், தக்காளிச் செடி, மறுபடி காலை வணக்கம், பூ விட்ட தக்காளி. கீழே போகப் போக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ. ‘நாளை முழங்கால் ஆபரேஷன். முடிந்தவர்கள் வாருங்கள்.’ நூற்றுப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். நான் இல்லை. சத்தியமா நான் பாக்கவே இல்லக்கா. பாழாப்போன போன் உன்னை அடியில தள்ளிட்டு எனக்குக் கம்பளம் காட்டியிருக்கு! இனி வரிசை என் கையில். முதல் டோக்கன் உனக்குத்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். காலை மடக்காமல் உட்கார்.

உன் ஒரே தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். ‘நீங்கள் குறைத்துக் காட்டச் சொன்னவர்கள்: ஒருவர்.’ தட்டினேன். நீ. போன வருடம் உன் முப்பத்து நான்காவது தக்காளி வந்த அன்று, அப்போதே இருந்த ‘குறைத்துக் காட்டு’ பொத்தானை நானே அழுத்தியிருக்கிறேன். அழுத்தியதையும் மறந்திருக்கிறேன். போன் பாவம், சொன்னதைச் செய்திருக்கிறது. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கிழிக்கவில்லை. தபாலிலும் போடப் போவதில்லை. இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே கொண்டுவருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். என் மேல் எறியக் கைக்கு அகப்படும் தக்காளி நன்றாகப் பழுத்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்.