சந்தனத்துக்கு அடியில் ஓர் எழுத்து

மின்சாரம் என் பேச்சைக் கேட்கும் என்று எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு இருண்டால், அப்பா ஃபியூஸ் ஆபீசுக்குப் போன் செய்வதற்கு முன் என்னைத்தான் கூப்பிடுவார். (நான் என்ன செய்வேன்? அவரைப் போலவே நானும் டார்ச்சைத் தேடுவேன்.) பொறியியல் கல்லூரியில் மின் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்துவது என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக மோட்டாரைப் பற்றிப் பேசியிருக்கிறேனே தவிர, ஒரு மோட்டாரின் மூடியைக்கூடக் கழற்றியதில்லை. இதை வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

இந்த நம்பிக்கைக்குப் பலியாக இருந்தவர் என் அண்ணி விஜயா. பதினோரு வருடம் துணிக்கடையில் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவர், ஒரு நாள் கால் வீங்கி உட்கார்ந்து, எழுந்தபோது முடிவு செய்திருந்தார்: வீட்டின் முன்னறையில் இட்லி மாவு அரைப்பது என்று. பழைய பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். மூன்று ஆண்டுகள் அக்கம்பக்கத்துக்கு மாவு கொடுத்தார், பகலில் கடைக்கும் போய்க்கொண்டே. (கால் வீங்கிய பிறகு கடையில் அவருக்கு ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள்.) அப்புறம் பெருங்களத்தூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து வாய்ப்பு வந்தது. ஏழு நாள் தவறாமல் மாவு வர வேண்டும். வந்தால் தினசரி ஆர்டர். அண்ணி துணிக்கடையில் விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஆர்டர் கிடைக்காவிட்டால் எட்டாம் நாள் மறுபடி புடவை விரிக்க வேண்டியதுதான்.

முன்கூட்டியே கொடுத்த மாதிரி மாவைப் பார்த்துவிட்டு விடுதி வார்டன் ஒரே ஒரு குறை சொன்னார்: மாவு சீக்கிரம் புளிக்கிறது. கல் வேகமாகச் சுழன்றால் மாவு சூடாகும், சூடான மாவு முந்திப் புளிக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் நான் களத்தில் குதித்தேன்.

"அண்ணி, கவலையே படாதீங்க. ஒரு டிரைவ் மாட்டிட்டா வேகத்தை நம்ம இஷ்டத்துக்குக் குறைச்சுக்கலாம்."

டிரைவ் என்பது சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். என் பரிசாக அதை வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு எலக்ட்ரீஷியன் முருகேசன் வந்தார். கிரைண்டரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, இந்த மோட்டாரு இன்னா கிளாஸு? டிரைவ்ல மெதுவா ஓட்டுனா சூடு ஏறும்கா."

மோட்டாருக்குள் சுற்றிய கம்பியின் மேலுள்ள காப்பு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை எழுத்தால் குறிப்பார்கள். பி என்றால் நூற்று முப்பது டிகிரி, எஃப் என்றால் நூற்று ஐம்பத்தைந்து, ஹெச் என்றால் நூற்று எண்பது. மாணவர்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அந்த எழுத்து மோட்டாரின் பக்கத்தில் ஒரு தகட்டில் பொறித்திருக்கும். எங்கள் மோட்டாரிலும் இருந்தது. ஆனால் மூன்று ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் அந்தத் தகட்டின் மேல்தான் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தன. தட்டையாக, பளபளப்பாக, பொட்டு வைக்க வசதியாக இருந்த ஒரே இடம் அதுதான்.

"ஸ்க்ரூ டிரைவரால லேசா சுரண்டிப் பாக்கட்டாக்கா?"

"ஐயோ, சாமிக்கு வெச்ச சந்தனம்! வேலை ஆரம்பிக்கிற நேரத்துல அதைப் போய்ச் சுரண்டணுமா?" என்று அண்ணி பதறினார். பிறகு என்னைப் பார்த்தார். "சுதா, உனக்குத் தெரியாததா?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது. நான் மோட்டாரை மருத்துவரைப் போல இரண்டு முறை தட்டிவிட்டு, "எஃப்பா இருக்கும். இப்பல்லாம் எல்லாமே எஃப்தான்" என்றேன்.

முருகேசன் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் என் பட்டத்தை மதித்தார்.

முதல் இரண்டு நாட்கள் கல் யானைபோல அசைந்து அசைந்து சுற்றியது. மாவு சில்லென்று இறங்கியது. மூன்றாம் நாள் என் வெற்றியைக் கண்குளிரப் பார்ப்பதற்காகவே அரைநாள் விடுப்பு எடுத்து வந்தேன். டிரைவின் திரையைக் காட்டி, "பாருங்கப்பா, கரெண்ட் எவ்வளவு அடக்கமா இருக்கு" என்று அப்பாவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சியபடி. "உங்க அண்ணி எதையோ வறுக்குறாளா?"

அண்ணி என் பின்னால் நின்றிருந்தார். வறுபட்டது மோட்டார். நீலப்புகை கூரையைத் தொட்டது. கல் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. திரையில் கரெண்ட் இப்போது மிகவும் அடக்கமாக, பூஜ்ஜியமாக இருந்தது.

கல்லில் இருந்த மாவில் புகைநாற்றம் ஏறிவிட்டது, கொட்ட வேண்டும். இன்னும் அரைபடாத அரிசியும் உளுந்தும் நான்கு வாளிகளில் ஊறிக்கொண்டிருந்தன. மணி மூன்று. அன்று முன்னிரவுக்குள் அரைத்தால்தான் மறுநாள் காலைக்குள் பொங்கும். அண்ணி என்னைத் திட்டவில்லை. வாளிகளை ஒரு முறை எண்ணிவிட்டு, "கடையில என் ஸ்டூல வேற யாருக்கும் குடுத்திருக்க மாட்டாங்கல்ல?" என்று மட்டும் அண்ணனிடம் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் ரவியும் நானும் மோட்டாரோடு ஆட்டோவில் ஏறினோம். காலடியில் வைத்தால் உருண்டது, ஆகவே அது என் மடியில் பயணம் செய்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை ஒன்றை நடத்துகிற ஷமீமிடம் போகச் சொல்லியிருந்தார் முருகேசன். ஷமீமுக்கு என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், கொயந்தய தூக்கினு வர மாரி மோட்டாரத் தூக்கினு வரீங்க?"

எப்படி ஓட்டினோம், எப்படி எரிந்தது என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஷமீம் ஒரு கத்தியை எடுத்து, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, மூன்று ஆண்டுச் சந்தனத்தை நான்கு இழுப்பில் எடுத்தார். அடியில் பழைய, தெளிவான ஒரு பி.

"சந்தனம்லாம் நல்லாதான் வச்சிக்கிறீங்க. காத்துதான் வக்கல" என்றார். "ஆமா, நீங்க இன்னா வேல பாக்குறீங்க?"

"டீச்சர்."

"இன்னா பாடம்?"

தமிழ் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மோட்டார்தாங்க" என்றார் என் உடன்பிறந்த அண்ணன்.

ஷமீம் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். எரிந்ததைச் சுற்றி உலர்த்த நாலைந்து நாளாகும். ஆனால் அதே அளவில் விற்பனைக்கு இரண்டு மோட்டார்கள் இருந்தன. புத்தம் புதிதாக மின்னிய ஒன்றைக் காட்டினார்.

"இது ஹெச்சு. நூத்தி எம்பது டிகிரி தாங்கும். எத்துக்கினு போறீங்களா?"

காலையில் இருந்த சுதா கேட்டிருந்தால் கட்டிப் பிடித்துத் தூக்கியிருப்பாள். இருப்பதில் உயர்ந்த எழுத்து! ஆனால் இப்போது என் மடியெல்லாம் கரி. காற்று வைக்கவில்லை என்று ஷமீம் சொன்னது காதில் நின்றது. குனிந்து அந்த மோட்டாரின் பின்பக்கம் பார்த்தேன். குளிர்விக்கும் விசிறி சுழலும் தண்டிலேயே கோத்திருந்தது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். கல்லின் பாரமோ குறையாது. உள்ளே வெப்பம் வழக்கம்போல் பிறக்கும், வெளியே கொண்டுபோக ஆள் இருக்காது. வெப்பத்தைத் தாங்குவது ஒரு வேலை, வெளியேற்றுவது வேறொரு வேலை. கரும்பலகையில் இரண்டையும் தனித்தனி நாட்களில் நடத்தியிருந்தேன். ஒரே மோட்டாருக்குள் சேர்த்துப் பார்த்ததில்லை.

"இதுக்குத் தனி விசிறி இல்லையே. வேண்டாம்" என்றேன். "அந்த மூலையில இருக்கிறது என்ன வகுப்பு?"

"எஃப்பு."

"பின்னாடி தெரியுறது, தனி லைன்ல ஓடுற விசிறியா? கம்பி ரெட்டைப் பூச்சா? டிரைவ் அனுப்புற மின்னழுத்தம் அப்பப்ப ஊசி மாதிரி ஏறி இறங்கும், சாதாரணப் பூச்சு நாளடைவில பொத்துக்கும்."

ஷமீம் கத்தியைக் கீழே வைத்தார். "ரெட்டைப் பூச்சுதான். தனி ஃபேனுதான். இப்பதான் மேடம் டீச்சர் மாரி பேசுறீங்க."

எத்தனையோ சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும்தான் சட்டம் போட்டு மாட்ட முடியவில்லை.

ஐந்தரை மணிக்கெல்லாம் முருகேசன் புதிய மோட்டாரை இறுக்கிவிட்டு, தகட்டை இந்த முறை தானே உரக்கப் படித்தார். முதலில் விசிறி ஓடியது, பிறகு கல் நகர்ந்தது. கால் மணிக்கு ஒரு முறை உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குள் நான்கு வாளியும் காலி. மறுநாள் விடிந்ததும் மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான்காம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள். ஏழாம் நாள் வார்டன் அண்ணியிடம் சொன்னார்: "பொண்ணுங்க சட்னி தீந்தப்புறமும் இட்லி கேக்குதுங்க. இனிமே டெய்லி குடுத்துடுங்கம்மா." அண்ணி அன்று மத்தியானமே துணிக்கடைக்குப் போய், தன் ஸ்டூலில் புதிதாக வந்த பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்தார்.

அந்த வருட ஆயுத பூஜையிலிருந்து எங்கள் வீட்டில் சந்தனம் தகட்டைச் சுற்றி மட்டும்தான் வைக்கிறோம், படத்துக்குச் சட்டம் போட்டதுபோல. புது ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சரி, பத்து ரூபாய் டார்ச் வாங்கினாலும் சரி, அப்பா கேட்பார்: "சுரண்டிப் பாத்தியா?" அண்ணன் மகளுக்கு வரன் வந்து, எல்லோரும் பையனைப் பற்றி ஆகா ஓகோ என்று சொன்னபோதும் தாத்தா அதையே கேட்டார். அவள் சுரண்டிப் பார்த்துத்தான் சம்மதித்தாள். இப்போது கோவையில் நன்றாக இருக்கிறாள்.

அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் வேலை மாற்றலாகி மாதத்துக்கு இரு முறை வந்து போகிறார். பிற்பகலில் முன்னறையில் மோட்டாரின் விசிறி ஓடத் தொடங்கும்போது அண்ணி இருக்கிறார். கல்லூரி விட்டு வந்து, ஒரு முறை உள்ளங்கையை வைத்துப் பார்க்க, நான் இருக்கிறேன்.