பிம்லாட் போடாத ஒரு கோடு

செப்புத் தகட்டில் ஊசியால் கீறிப் படம் அச்சடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. இங்கிலாந்துக் கடற்கரையில் மழை எங்கே விடாமல் பெய்கிறதோ அங்கே செழித்து வளரும். அடையாளம் சுலபம். விரல் நுனி கறுத்திருக்கும். கால்சட்டையில் அமிலம் தின்ற ஓட்டை இருக்கும். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் கண்ணாடிக்கு எதிரே பிடித்துத்தான் பார்க்கும். பாவம், தொழில் அப்படி. தகட்டில் வலப்பக்கம் கீறியது காகிதத்தில் இடப்பக்கம் போய் விழும்.

விட்பி துறைமுகத்தில், மீனுக்குப் புகைபோடும் கொட்டகையின் மாடியில் குடியிருந்த கட்பர்ட் பிம்லாட் இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒன்று. பதினான்கு வயதில் பெயர் அட்டை அச்சடிக்கிற கடையில் சேர்ந்தார். எழுத்தை இடம்வலம் மாற்றிக் கீறுவதில் மூன்றே மாதத்தில் கெட்டிக்காரர் ஆனார். அதே கையோடு ஒரு சவப்பெட்டியின் பித்தளைத் தகட்டிலும் செத்தவர் பெயரை மாற்றிக் கீறி வைத்தார். சவப்பெட்டியை யார் அச்சடிக்கப் போகிறார்கள்? அழுதுகொண்டே வந்து கேட்ட விதவையிடம், "உள்ள படுத்திருக்கவருக்குச் சரியாத் தெரியுங்கம்மா" என்றார். வேலை போயிற்று. கலைஞர் ஆனார். வேறெப்படி ஆவார்கள் என்று நினைத்தீர்கள்?

பிறகு முப்பது வருஷம். துறைமுகம், பாலம், மழையில் துறைமுகம், மழையில் பாலம். மெழுகு பூசிய தகட்டில் கீறி அமிலத்தில் போட்டால், கீறின இடத்தை அமிலம் கடிக்கும். போதும் என்று எடுத்து, துடைத்து, மை தடவி, ஈரக் காகிதத்தோடு உருளையில் விட்டால் படம். இதில் 'போதும்' என்பதுதான் இந்த இனத்தின் வாயில் வராத சொல். இன்னும் ஒரு கோடு, இன்னும் ஒரு கடி.

அவருக்கு இருபது வருஷமாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அக்கா ஹெஸ்டர். நாற்பத்தொன்பதாவது வயதில், நியூஸிலாந்தில் ஆடு வளர்க்கும் ஒரு மனிதரைக் கடிதத்திலேயே பிடித்துப்போய், கல்யாணத்துக்குச் சம்மதம் எழுதிவிட்டாள். "போறதுக்குள்ள உன்னைக் கீறித் தரேன்" என்றார் பிம்லாட். ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

முதல் அச்சுப்படி வந்தது. ஹெஸ்டரின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. தம்பி தன் ஆறு வயதில் வீசிய சிலேட்டு செய்தது. படத்தில் அது எதிர்ப்பக்கம் போயிருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனிதர் மாற்றிக் கீற மறந்திருந்தார். தகட்டைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? காகிதத்தைக் கசக்கிக் கரித்தொட்டியில் எறிந்துவிட்டு, தகட்டில் இருந்த தழும்பைச் சுரண்டி மறுபக்கம் வைத்தார். உடனே புருவம் கோணியது. புருவத்துக்கு ஒரு கடி. நிழலுக்கு ஒரு கடி. மார்ச் மாதக் கப்பல் அவள் இல்லாமல் போயிற்று. மே மாதக் கப்பலும்.

"அந்த மனுஷன் ஆட்டுக்குட்டியும் கையுமா காத்துக்கிட்டிருக்காருடா."

"ஆட்டுக்கு என்னக்கா அவசரம்? மூக்குக்குக் கீழ இருட்டு பத்தல. ஒரே ஒரு கடி."

"ஏழு கடி ஆச்சு. நாயா இருந்தா எலும்புகூட மிஞ்சியிருக்காது."

ஆகஸ்டில் மூன்றாவது கப்பல். பெட்டி தூக்க வந்த ஜோ, கறுத்துப்போயிருந்த பத்தாவது அச்சுப்படியைப் பார்த்து, "ஐயா, இது அக்காவா, சுரங்கமா?" என்றான். பிம்லாட் பதினோராவது தடவையாகத் தகட்டை அமிலத்தில் போட்டுவிட்டுக் குனிந்து நின்றார்.

"கப்பலுக்குப் போற ரயிலுக்கு நேரமாச்சுடா."

"அஞ்சே நிமிஷம்."

"இது முடிஞ்சா நான் போயிடுவேன்னுதானே இழுக்கிற?"

அமிலத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. அதை எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார்.

ஹெஸ்டர் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, கரித்தொட்டியில் கிடந்த முதல் படி. இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்திருந்தாள்.

"அக்கா, அது தப்பு. தழும்பு இடம் மாறியிருக்கு."

"உனக்குத்தான் மாறியிருக்கு. தினம் காலையில கண்ணாடியில நான் பாக்குற மூஞ்சி இதுதான்டா. போடு கையெழுத்து."

படத்தின் அடியில் பென்சிலில் கையெழுத்து விழுந்தால் வேலை முடிந்தது. இந்தத் தொழிலில் அதுதான் சட்டம். பிம்லாட் வெகுநேரம் பென்சிலைச் சீவினார். ஜோ இருமினான். போட்டார்.

அவள் போனாள்.

சட்டம் இன்னொன்றும் உண்டு. கையெழுத்து ஆனதும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், இனி யாரும் அதில் அச்சடிக்க முடியாதபடி. பிம்லாட் தகட்டைக் கழுவி, ஊசியை எடுத்து, அந்த முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுக்க ஒரு கோடு கூடுதலாகவே போட்டு வந்த மனிதருக்கு அந்த ஒரு கோடு மட்டும் வரவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் செப்புத் தகட்டைத் தொட்டதே கிடையாது. ஆனால் இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்பலாம் என்று வருஷக்கணக்காக இழுப்பறையில் வைத்திருக்கிறீர்களே ஒரு கடிதம், அது யாருக்கு? சும்மா கேட்டேன். அப்படியே அந்த விரல் நுனியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள், கறுத்திருக்கிறதா பார்ப்போம்.